இரண்டாவது பூட்டு யாரிடம் இருந்தது

புத்தூர்,
4.3.1993

அன்புள்ள மகன் கிருபைக்கு,

கர்த்தர் காத்து வருவதால் எழுந்து நடமாடுகிறேன். முழங்கால் மட்டும் அவ்வப்போது முறையிடுகிறது. உன் இருமல் விட்டதா? மார்கழியில் நீ எழுதிய கடிதம் கப்பலில் வந்து நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஐந்து எழுத்துப் பிழை. கொன்வென்டில் சிஸ்டர்மார் எங்களுக்கு ஒரு பிழைக்கு இருபது தரம் எழுதக் கொடுப்பார்கள். உன்னிடம் இருபதை நான் கேட்கவில்லை. உறையை ஒட்டுமுன் ஒருமுறை வாசித்துப் பார்.

இந்தப் போகம் வெங்காயம் சரிவரவில்லை. உன் தாத்தா எனக்கும் உன் சின்னம்மா இராசம்மாவுக்கும் பிரித்துத் தந்த பன்னிரண்டு பரப்புத் தோட்டமும் தாள் மஞ்சளித்து நிலத்தோடு படுத்துவிட்டது. தோட்டம் செய்கிற ஏரம்பு நேரத்துக்குத் தண்ணீர் இறைக்கவில்லை. அவனுக்கு வயது போய்விட்டது, கவனம் போதாது. அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

வேறு ஒரு விஷயம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது மக்டலீன் ரீச்சர், நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டா. கணனி என்றேன். கணனியில் என்ன என்று கேட்டா. என் மகனைப் பற்றி எனக்கே தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு விளங்கும்படி எழுது. வயது போனவள் என்று நினைத்துச் சுருக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
(மார்கிரட் இராசசிங்கம்)


றெடிங்,
இங்கிலாந்து,
18.4.1993

என் அன்பான அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். கொழும்புக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடுவேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துத்தான் ஒட்டுகிறேன்.

என் வேலை இதுதான். கணனிக்குள் எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு நிரல் இருக்கிறது. அதன் நடுப்பகுதியைக் கேர்னல் என்பார்கள். நான் அதில் வேலை செய்கிறேன். எங்கள் கணனியில் நான்கு மூளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அவை பொதுவான சில பட்டியல்களை எடுத்து மாற்றும். இருவர் ஒரே பட்டியலில் ஒரே நேரத்தில் கைவைத்தால் குழம்பிவிடும் என்பதற்காக ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பூட்டு வைத்திருக்கிறோம். ஒருவர் பூட்டை எடுத்தால், அவர் விடும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

சில வேலைகளுக்கு இரண்டு பூட்டும் வேண்டும். ஒருவர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறார். இருவரும் விடமாட்டார்கள். அவ்வளவுதான், கணனி நின்றுவிடும். பிழை என்று ஒரு சொல்லும் திரையில் வராது. ஒரு சத்தமும் இருக்காது. பார்க்கிறவருக்கு அது யோசிப்பது போலவே இருக்கும்.

பங்குனி மாதம் ஒரு வாடிக்கையாளரின் கணனி இப்படி மூன்று தரம் நின்றது. நின்ற இடம் பீற்றர் என்பவர் எழுதிய நிரல் வரிகளில் இருந்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரை அந்த வேலையிலிருந்து எடுத்து, கைந்நூல் எழுதும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா, ஏரம்பு அண்ணை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றில் இறைக்கிறார். ஒரு முறை தவறவிட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் பழுதா?

உங்கள் அன்பு மகன்,
கிருபைரட்ணம்


புத்தூர்,
1.6.1993

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். தைலத்துக்காக யாருக்கும் பாரம் கொடுக்காதே.

நீ எழுதியதை மூன்று முறை வாசித்தேன். மக்டலீனுக்கு இப்போது நான் நன்றாகவே சொல்லலாம். ஆனால் எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று. இவ்வளவு பெரிய கணனியில், இருவரும் இப்படி நிற்பதைக் கண்டு ஒருவரிடமிருந்து பூட்டைப் பறிக்க மேலாள் ஒருவரும் இல்லையா?

இரண்டு. பீற்றர் முதலாவது பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்து நின்றார் என்றால், அந்த நேரம் இரண்டாவது பூட்டு யாரிடம் இருந்தது? அவரும் அதே அளவுக்கு நின்றிருக்கிறார் அல்லவா? அவரைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பிழை ஒருவருடையது என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்ன கணக்குப்படி இதற்கு இருவர் வேண்டும்.

இங்கே வெயில் கடுமை. தோட்டம் தரிசாகக் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா


றெடிங்,
11.7.1993

அன்பான அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில்: பறிக்க முடியாது. ஒருவர் பட்டியலில் பழைய பெயரை அழித்து, புதிய பெயரை இன்னும் எழுதாத நேரத்தில் பறித்தால் பட்டியல் அரைகுறையாகிவிடும். வைத்திருப்பவர் தானாக விட வேண்டும்.

இரண்டாவது பூட்டு என்னிடம் இருந்தது.

எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறது. எந்த வேலையானாலும் முதலில் வேலைப் பட்டியலின் பூட்டு, பிறகு கோப்புப் பட்டியலின் பூட்டு. எல்லோரும் ஒரே ஒழுங்கில் எடுத்தால் இப்படி ஒருநாளும் நிற்காது. பீற்றர் அந்த ஒழுங்கில்தான் எடுத்தார். நான் போன கார்த்திகையில் எழுதிய பகுதியில் இரண்டாவதை முதலில் எடுத்திருந்தேன். பாதி வேலையில் மற்றதும் வேண்டியிருந்தது. கையிலிருப்பதை விட்டுவிட்டுத் தொடக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். விட்டால் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டுமே என்று, விடாமலே கையை நீட்டினேன். எப்போதாவதுதான் இருவரும் முட்டுவோம், அதனால் பங்குனிவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

சித்திரை தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும். சத்தமில்லாமல் என் வரிகளைத் திருத்திவிட்டேன். கணனி இப்போது நிற்பதில்லை. பீற்றரை எடுத்ததால்தான் நிற்பதில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

கிருபை


புத்தூர்,
22.8.1993

மகன் கிருபைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

இந்தக் கடிதம் கிடைக்கும் கிழமையிலேயே, மேலதிகாரியிடமும் பீற்றரிடமும் நீ வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு ஒளியக் கூடாது. பீற்றருக்குத் தனியாகச் சொன்னாலும் போதாது. எத்தனை பேர் முன்னால் அவருடைய பெயர் கெட்டதோ அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும். உன் தகப்பன் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஒரு பிள்ளையைத் தவறாகத் தண்டித்துவிட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் மேடையில் நின்று சொன்னவர். நீ அந்த மனிதரின் பிள்ளை.

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவனுக்குக் கவனம் போதாது என்று பெயர் வந்தால், அவன் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பான்? நீ யோசித்தாயா?

சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன் எழுதாதே.

அம்மா


றெடிங்,
3.10.1993

அன்பான அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். பீற்றரையும் வரச் சொல்லியிருந்தேன். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்தான் ஆயிற்று. என் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. மேலதிகாரி நன்றி என்றார். பீற்றர் ஒன்றே ஒன்று கேட்டார்: எப்போதிருந்து தெரியும்? சித்திரையிலிருந்து என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அடுத்த கிழமை அவரைத் திரும்ப எங்கள் பகுதிக்கு எடுத்தார்கள். பக்கத்து மேசைதான். காலை வணக்கம் சொல்கிறார், அதற்கு மேல் இல்லை.

போன வெள்ளி என் திருத்தத்தைச் சரிபார்த்துவிட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: மற்றது கிடைக்காவிட்டால் கையிலிருப்பதை விட்டுவிடும்படி எழுதியிருக்கிறாய், நல்லது. ஆனால் இருவரும் ஒரே கணத்தில் விட்டு ஒரே கணத்தில் திரும்ப எடுத்தால் இருவரும் மரியாதையாக விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒரு வேலையும் நடக்காது. விடத் தெரிந்தால் போதாது, ஒழுங்கு வேண்டும். அவர் சொல்வது சரி.

உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு வெட்கம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஆனால் இப்போது நித்திரை வருகிறது.

உங்கள் மகன்,
கிருபை


றெடிங்,
28.11.1993

அன்பான அம்மாவுக்கு,

உங்கள் ஆவணிக் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கப்பல் இரண்டு தரம் வந்து போனதாக இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். மற்ற வீடுகளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. சுகமில்லையா? என்னில் கோபமா? இரண்டு வரி போதும்.

கிருபை


புத்தூர்,
14.12.1993

அன்புள்ள கிருபை,

எனக்கு ஒரு நோயுமில்லை. உன் ஐப்பசிக் கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத நான்கு தரம் உட்கார்ந்து நான்கு தாளையும் அடுப்பில் போட்டேன். தாள் விலை உனக்குத் தெரியாது. இது ஐந்தாவது.

மிசின் பழுதா என்று நீ சித்திரையில் கேட்டாய். மிசினுக்குப் பழுதில்லை. அது என் கொட்டிலில் சாக்கால் மூடியபடி நின்றது.

மிசின் என்னுடையது. மண்ணெண்ணெய் இராசம்மாவிடம். அவள் வீட்டில் ஆட்கள் கூட, அதனால் பங்கீட்டுக் கூப்பன் அட்டையும் கூட. மிசினை எழுப்ப நாலு துளி பெற்றோல் வேண்டும். அந்தச் சின்னப் போத்தலும் அவளிடம்தான். அவள் பேத்தியின் கலியாணத்துக்கு நேரில் வந்து கேட்காமல் ஆள்மூலம் கலியாணக் காட் அனுப்பிய நாளிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நாலு வருடம் தண்ணீர் ஓடியது. உன் சித்தப்பா செபநாயகம் காலையில் என் வாசற் படலைக்கு வந்து மிசினை எடுப்பார், தன் வீட்டில் எண்ணெயை எடுப்பார், இரண்டையும் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போவார். அவர் போன வருடம் கார்த்திகையில் காலமானார். அதன் பிறகு அதைச் செய்ய ஆளில்லை.

மாசி முதல் கிழமை ஏரம்பு மிசினுக்கு வந்தான். எண்ணெய் வரட்டும், மிசின் வரும் என்றேன். அவன் அங்கே போனான். மிசின் கிணற்றடிக்கு வரட்டும், எண்ணெய் பின்னால் வரும் என்று அவள் சொல்லியனுப்பினாள். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். பதினொரு நாள் இரண்டு படலைக்கும் நடந்தான். ஒருநாள், “அம்மா, தாள் நுனி கருகுது. நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவேண்டாம், என்னட்டைத் தாங்கோ” என்றான். உன்னை நம்பி மிசின் தரலாம், அவளை நம்பித் தரமுடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவனும் மனைவி சின்னத்தங்கமும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். பன்னிரண்டு பரப்புக்கு வாளி. அறை யன்னலால் அது எனக்குத் தெரிந்தது. யன்னலைச் சாத்திக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவன் வரவில்லை.

இது பாதி. மற்றப் பாதி இது. அந்த ஞாயிறு சேர்ச் வாசலில், உங்கடை தோட்டத்துக்கு என்ன நடந்தது என்று மக்டலீன் கேட்டபோது, ஆறேழு பெண்கள் நிற்க, “ஏரம்புவுக்கு வயசு போட்டுது, கவனமில்லை” என்றேன். அது ஊர் முழுக்கப் போயிற்று. வைகாசியில் அவனுக்கு ஒருவரும் காணி கொடுக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் கல்லுடைக்கப் போகிறான். எங்கள் ஒழுங்கையால்தான் போவான். என் படலையடியில் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். அது எனக்காகத்தான், நான் கூசாமல் இருக்கட்டும் என்று.

ஆவணியில் உனக்கு நான் எழுதியதை நீ வைத்திருப்பாய். எத்தனை பேர் முன்னால் பெயர் கெட்டதோ அத்தனை பேர் முன்னால் என்று எழுதினேன். உன் பீற்றரைப் பற்றி எழுதுகிறேன் என்றே நினைத்தேன். நீ போய்ச் சொன்னாய் என்ற கடிதம் வந்த பிறகுதான் என்னால் இந்த வீட்டில் நிமிர்ந்து இருக்க முடியவில்லை.

நீ இதற்குப் பதில் எழுதுமுன் நான் செய்ய வேண்டியதைச் செய்வேன். செய்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மா


புத்தூர்,
27.12.93

அக்காவுக்கு,

சுகமாய் இருப்பியள். நானும் இருக்கிறன்.

நத்தார்ப் பண்டிகையிலையிருந்து மனம் கேக்காமல் இண்டு காலமை எண்ணைக் கலனையும் பெற்றோல் போத்தலையும் மருமோன்ரை சைக்கிளிலை பின் ஒழுங்கையாலை உங்கடை வீட்டை அனுப்பினன். அவன் திரும்பி வரேக்கை எங்கடை முன் படலையிலை உங்கடை மிசின் தள்ளுவண்டிலிலை நிக்குது.

இப்ப மிசின் என்னட்டை, எண்ணை உங்களிட்டை. இனி ஆர் முதல் அனுப்புறது எண்டு யோசிச்சு யோசிச்சு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு செபநாயகத்தாரை நினைச்சு அழுகையும் வந்தது. அந்த மனிசன் இவ்வளவு நாளும் எங்களுக்கு என்ன வேலை பாத்திருக்குது.

தோட்டம் செத்ததுக்கு நானும்தான் அக்கா. நீங்கள் சேர்ச்சிலை சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் நிண்டனான். எனக்கும் அது வசதியாய் இருந்தது.

இராசம்மா


புத்தூர்,
31.1.1994

அன்புள்ள மகன் கிருபைக்கு,

நலமாயிருக்கிறேன். உன் கார்த்திகைக் கடிதம் கிடைத்தது. என் மார்கழிக் கடிதம் இதற்குள் உன்னிடம் வந்திருக்கும். இராசம்மா எனக்கு எழுதிய துண்டின் பிரதி ஒன்றும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நானே பார்த்தெழுதினேன். அவளுடைய எழுத்தை நான் திருத்தவில்லை.

பீற்றர் சொன்னது அந்தத் துண்டு வந்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஐந்து வருடம் விடாதவர்கள் ஒரே காலையில் விட்டோம், ஒன்றும் மாறவில்லை. மத்தியானம் நான் எண்ணெய்க் கலனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். ஒழுங்கை மூலையில் அவள் மருமகன் வண்டிலைத் தள்ள, அவளும் வந்துகொண்டிருந்தாள். இருவரும் நின்றோம். “நில்லுங்கோ அக்கா,” என்றாள். “உங்கடை வீடும் வேண்டாம், என்ரை வீடும் வேண்டாம்.” சரி என்றேன். ஐந்து வருடத்தில் நாங்கள் கதைத்த முதல் கதை அதுதான்.

ஏரம்பு வீட்டுக்கு உடனே போகவில்லை. போகுமுன் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. புதுவருட ஆராதனை முடிந்து பெண்கள் வாசலில் நின்றபோது சொன்னேன். மிசினைப் பதினொரு நாள் பூட்டி வைத்தவள் நான், அவரில் பழி போட்டவளும் நான் என்று. இராசம்மா பக்கத்தில் நின்று, எண்ணெய் என்னிடம் இருந்தது என்றாள். மக்டலீன் தன் குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றா. யாராவது பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. பிறகு, வைகாசியில் அவருக்குக் காணி கொடுக்க மறுத்த கனகலிங்கத்தின் வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னேன்.

அதன் பிறகே இருவரும் ஏரம்புவின் வீட்டுக்குப் போனோம். மிசினும் எண்ணெயும் பெற்றோலும் வண்டிலில். சின்னத்தங்கம் கதிரை கொண்டுவந்து போட்டா. நான் இருக்கவில்லை. நடந்ததெல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். “அது எனக்குத் தெரியுமம்மா,” என்றார். “நான்தானே ரெண்டு படலைக்கும் நடந்தனான்.”

தெரிந்தும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் சொல்லி ஆர் நம்புறது? நீங்கள் சொன்னால் சொன்னதுதான்.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் விழுந்தது.

எங்கள் காணியை இந்தப் போகம் செய்து தரக் கேட்டோம். தை மாதத்துக்குக் கனகலிங்கம் நாலு பரப்புத் தருவதாக முதல் நாள் மாலை வந்து சொல்லியிருக்கிறார், அதற்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஏரம்பு. உங்கடையை வைகாசிக்குப் பாப்பம் என்றார். பார்ப்போம் என்றுதான் சொன்னார், வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்தால் மிசினும் எண்ணெயும் தன் வீட்டில் இருக்க வேண்டும், இனி ஒரு படலைக்கும் கேட்டு வரமாட்டேன் என்றும் சொன்னார். நான் இராசம்மாவைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. இருவரும் ஓம் என்றோம். அவர் வைகாசியில் வராவிட்டாலும் அவை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சொன்ன பிறகும் வெட்கம் குறையவில்லை என்று நீ எழுதியிருந்தாய். உண்மைதான். உனக்கு நித்திரை வருகிறது. எனக்கு இன்னும் வரவில்லை. பீற்றர் உன்னுடன் கதைக்காவிட்டால் அவரைத் தொந்தரவு செய்யாதே. காலை வணக்கம் சொன்னால் பதில் சொல். அவர் வைத்திருக்க விரும்பும் அளவு நேரம் அந்தக் கோபத்தை அவர் வைத்திருக்கட்டும்.

இன்று காலை ஐந்தரைக்கு மிசின் சத்தம் கேட்டது. கனகலிங்கத்தின் காணியில். யன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பன்னிரண்டு பரப்பும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்க்கிறார்கள். சிலர், இந்தப் போகமும் நடவில்லையா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா